ஒதுக்கீட்டு வரிக்கு முன்னும் பின்னும்: இயங்குதள நூலகங்களில் மால்லாக் அழைப்புகளை மறுஆய்வு செய்யும் முறை

திறமூல இயங்குதளம் ஒன்றின் நூலகங்களில் நினைவக ஒதுக்கீட்டைச் சரிபார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது எண்ணிப் பார்ப்பதுதான்: நினைவகம் கேட்கும் மால்லாக் எத்தனை இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அதை விடுவிக்கும் ஒரு ஃப்ரீ இருக்கிறதா என்று. இந்தக் கணக்கு நினைவகக் கசிவுகளைப் பிடிக்க உதவும். ஆனால், தாக்குதலுக்கு வழிவிடும் பிழைகள் அந்தக் கணக்கில் சிக்குவது குறைவு. அவை ஒதுக்கீட்டு வரிக்கு முன்பு நடக்கும் பெருக்கலிலும் கூட்டலிலும், ஒதுக்கீடு தோற்றுப்போன பிறகு ஓடும் பாதையிலும்தான் இருக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி மால்லாக் என்ற வரியைவிட அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையே அதிகம் பேசுகிறது. எடுத்துக்காட்டுகள் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம், லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சி நூலகமாகிய ஜிலிப்சி ஆகியவற்றிலிருந்து வருகின்றன. முறை எந்த சி நூலகத்துக்கும் பொருந்தும். செயற்கூறுகளின் பெயர்களை நாம் உச்சரிக்கும்படியே எழுதியிருக்கிறேன்.

பட்டியல் எடுத்தல்

மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூலகத்தின் மூல நிரல் கோப்புறைக்குள் சென்று, மால்லாக், நினைவகத்தைச் சுழியாக்கித் தரும் கால்லாக், துண்டின் அளவை மாற்றும் ரீஅல்லாக் ஆகிய மூன்றையும் கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு தேடுவது முதல் வேலை. அதோடு நிறுத்தினால் பாதிதான் கிடைக்கும். ஸ்ட்ர்டப், ஸ்ட்ர்என்டப், ஏஎஸ்பிரிண்ட்எஃப், கெட்லைன், ஸ்கேன்டிர், நல் சுட்டி (எந்த நினைவக முகவரியையும் காட்டாத சுட்டி) கொடுத்து அழைக்கப்படும் ரியல்பாத் ஆகியவையும் உள்ளே ஒதுக்கீடு செய்து அழைத்தவரின் கையில் கொடுப்பவையே. கெட்அட்ரின்ஃபோ, ரெக்காம்ப், குளோப் போன்றவை ஒதுக்கீடு செய்வதோடு, விடுவிப்பதற்கென்று தங்களுக்கே உரிய செயற்கூறுகளையும் வைத்திருக்கின்றன. அவற்றின் உறுப்புகளை நேரடியாக ஃப்ரீ செய்திருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. இவை போக, நூலகம் தனக்கென்று எழுதிவைத்திருக்கும் உறைச் செயற்கூறுகள் இருக்கும். அவற்றின் பெயரில் மால்லாக் என்ற சொல்லே இல்லாமல் போகலாம் என்பதால், மால்லாக்கின் விளைவை அப்படியே திருப்பி அனுப்பும் செயற்கூறுகளைக் கண்டுபிடித்து, அவற்றின் பெயர்களையும் தேடல் பட்டியலில் சேர்க்க வேண்டும். எந்தச் செயற்கூறு எங்கே அழைக்கப்படுகிறது என்று தேடித் தரும் சிஸ்கோப் கருவி இதற்கு வசதி. ஒரே வடிவம் நூற்றுக்கணக்கான இடங்களில் திரும்பத் திரும்ப வந்தால் காக்சினெல் கருவிக்கு ஒரு வார்ப்புரு எழுதித் தேடலாம். அது எழுத்தை ஒப்பிடாமல் சி மொழியின் அமைப்பை ஒப்பிடுவதால், வரி உடைந்திருந்தாலும் மாறியின் பெயர் மாறியிருந்தாலும் தவறவிடாது.

கிடைத்த ஒவ்வோர் அழைப்புக்கும் எதிரே மூன்று குறிப்புகளை எழுதிக்கொள்வது என் வழக்கம்: அளவைத் தீர்மானிப்பது யார், கிடைத்த நினைவகம் யாருக்குச் சொந்தமாகிறது, ஒதுக்கீடு தோற்றால் அடுத்து ஓடும் வரி எது. முதல் குறிப்பில் 'நிலையான கட்டமைப்பின் அளவு' என்று எழுத முடிந்தால் அந்த அழைப்பில் எண்கணிதச் சிக்கல் இல்லை; இரண்டாவது, மூன்றாவது குறிப்புகளை மட்டும் பார்த்துவிட்டு நகரலாம். வலையமைப்பிலிருந்தோ, கோப்பிலிருந்தோ, சூழல் மாறியிலிருந்தோ வந்த ஓர் எண் அந்த அளவில் கலந்திருந்தால் அதைத் தனியாக அடிக்கோடிட வேண்டும். நேரத்தின் பெரும்பகுதி அடிக்கோடிட்டவற்றுக்குப் போக வேண்டும்.

பெருக்கல்

எண்ணிக்கையை உறுப்பின் அளவால் பெருக்கி மால்லாக்குக்குக் கொடுக்கும் வரி எவ்வளவு சாதாரணமாகத் தோன்றும் என்பதற்கும் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கும் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் 2002-ஆம் ஆண்டுப் பிழையைவிட நல்ல பாடம் கிடையாது. சவால்-மறுமொழி முறையில் உள்நுழைபவர் எத்தனை மறுமொழிகள் அனுப்பப்போகிறார் என்ற எண்ணிக்கையைச் சேவையகம் அவரிடமிருந்தே பெற்றது. அந்த எண்ணிக்கையைச் சுட்டியின் அளவால் பெருக்கி அவ்வளவு நினைவகம் கேட்டது. பிறகு எண்ணிக்கை முடியும்வரை ஒரு மடக்கில் மறுமொழிகளை எழுதிக்கொண்டே போனது. 32 பிட் கணினியில் சுட்டிக்கு 4 பைட். எண்ணிக்கை 1073741825 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 4294967300. ஆனால் 32 பிட்டில் அடங்கக்கூடிய உச்சம் 4294967295 என்பதால் மேல் பிட் உதிர்ந்து 4 மட்டும் எஞ்சும். ஒதுக்கப்பட்டது 4 பைட். மடக்கோ நூறு கோடிக்கும் மேற்பட்ட சுட்டிகளை எழுதக் காத்திருக்கிறது. மால்லாக் தோற்கவில்லை, நல் திரும்பவில்லை, அதன் விளைவைச் சோதிக்கும் வரி இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அந்த ஆண்டு ஜூனில் வந்த 3.4 பதிப்பில் இது திருத்தப்பட்டது.

இந்த வகைப் பிழையை வேரோடு களைவதற்காகத்தான் ஓப்பன்பிஎஸ்டி 2014-இல் தன் 5.6 பதிப்பில் ரீஅல்லாக்அரே என்ற செயற்கூறைக் கொண்டுவந்தது. எண்ணிக்கையையும் உறுப்பின் அளவையும் தனித்தனியாகப் பெற்றுக்கொண்டு, பெருக்குத்தொகை உச்சத்தைத் தாண்டி வழிந்தால் நல் திருப்பி, பிழை எண்ணைத் தாங்கும் மாறியாகிய எர்னோவில் நினைவகம் போதவில்லை என்ற குறியை வைப்பதுதான் அதன் வேலை. பின்னர் ஃப்ரீபிஎஸ்டியும், 2017-இல் ஜிலிப்சி 2.26-உம் இதைச் சேர்த்துக்கொண்டன. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2024 பதிப்பிலும் இடம்பெற்றுவிட்டது. இதன் உள்ளே இருக்கும் சோதனை ஒரு சில வரிகளே என்றாலும், மறுஆய்வு செய்பவர் ஒருமுறை நின்று படிக்க வேண்டிய வரிகள் அவை. பெருக்கல் வழியும் என்று கண்டு நல் திருப்பவைக்கும் நிபந்தனையைச் சொற்களில் எழுதினால் இப்படி இருக்கும்:

(எண்ணிக்கை ≥ வரம்பு அல்லது அளவு ≥ வரம்பு) மற்றும் எண்ணிக்கை > 0 மற்றும் (உச்சம் ÷ எண்ணிக்கை) < அளவு

இங்கே உச்சம் என்பது நினைவக அளவுகளை வைக்கும் சைஸ்_டி வகையில் அடங்கும் மிகப் பெரிய எண். வரம்பு என்பது அந்த வகையின் பிட்டுகளில் பாதியைக் கொண்டு அமைந்த எண். 64 பிட் கணினியில் 2-இன் 32-ஆம் அடுக்கு. பெருக்கப்படும் இரண்டுமே அதற்குக் குறைவாக இருந்தால் பெருக்குத்தொகை ஒருபோதும் வழியாது என்பதால், மிக மெதுவான செயலாகிய வகுத்தலுக்கு வேலையே இருக்காது. நடைமுறையில் வரும் அழைப்புகளில் ஏறக்குறைய அனைத்தும் இந்த முதல் சோதனையோடு தாண்டிவிடும். நடுவில் இருக்கும் 'எண்ணிக்கை > 0' என்பது சுழியால் வகுப்பதைத் தடுக்கிறது. நூலகம் ஒன்றில் இதே சோதனையைக் கையால் எழுதியிருக்கக் கண்டால் இந்த மூன்று துண்டுகளும் இதே வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெருக்கிய பிறகு விளைவை வகுத்துப் பார்க்கும் வடிவமும் குறியில்லா எண்களுக்குச் சரியே. ஆனால் குறியுள்ள எண்களில் வழிதல் என்பதே சி மொழியில் வரையறுக்கப்படாத நடத்தை என்பதால், அந்தச் சோதனையையே கம்பைலர் தேவையற்றது என்று நீக்கிவிட உரிமை பெற்றிருக்கிறது.

கால்லாக்கும் இதே பாதுகாப்பைத் தர வேண்டும். இன்றைய பெரிய நூலகங்களில் தருகிறது. சிறிய கருவிகளுக்கான நூலகங்களில் இதைக் கண்ணால் பார்க்காமல் நம்பக் கூடாது. 2021 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 'பேட்அல்லாக்' என்ற பெயரில் வெளியிட்ட பிழைத் தொகுப்பு, பொருள்களின் இணையத்துக்கான இயங்குதளங்களிலும் சி நூலகங்களிலும் உள்ள ஒதுக்கீட்டுச் செயற்கூறுகளிலேயே இந்தச் சோதனை இல்லாமலோ குறையாகவோ இருந்ததைக் காட்டியது. 25 பிழைகள் அதில் இருந்தன.

பாதுகாப்பான செயற்கூறைப் பயன்படுத்தியும் அதன் பாதுகாப்பை வீணாக்கும் எழுத்துமுறைகள் உண்டு. மறுஆய்வில் அதிகம் தவறவிடப்படுபவை இவைதாம். முதலாவது, அளபுருவுக்குள்ளேயே பெருக்குவது:

கால்லாக்(அகலம் * உயரம், சைஸ்ஆஃப்(புள்ளி))

கால்லாக்கின் சோதனை தொடங்கும் முன்பே அகலமும் உயரமும் பெருக்கப்பட்டுவிட்டன. இரண்டும் இன்ட் வகையில் இருந்தால் அந்தப் பெருக்கல் 32 பிட்டில்தான் நடக்கும். கணினி 64 பிட் என்பதால் தப்பித்தோம் என்று எண்ணுவது தவறு. 65536-ஐ 65536-ஆல் பெருக்கிப் பாருங்கள்: பெரும்பாலான கணினிகளில் சுழி வரும், சுழி உறுப்புகளுக்கான ஒதுக்கீடு வெற்றியும் பெறும். மூன்று எண்கள் பெருக்கப்படும் இடங்களில் முதல் இரண்டுக்கான வழிதல் சோதனையைத் தனியே எழுதியாக வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

இரண்டாவது, கூட்டல். ரீஅல்லாக்அரேவுக்கு எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக் கொடுக்கும்போது, எண்ணிக்கை ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் கூட்டுத்தொகை சுழியாகும். இதை எல்லா இடத்திலும் பிழையென்று குறிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வளரும் வரிசையில், சைஸ்_டி வகை எண்ணிக்கை அந்த உச்சத்தைத் தொடும் முன்பே நினைவகம் தீர்ந்துவிடும். எண்ணிக்கை வெளியிலிருந்து வந்தாலோ, சைஸ்_டியைவிடச் சிறிய வகையில் வைக்கப்பட்டிருந்தாலோதான் கவலை. கொள்ளளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும் நிரல்களில் இந்த இரண்டாவது நிலையை அடிக்கடி காணலாம்: 32 பிட் மாறியில் வைத்த கொள்ளளவு 2-இன் 31-ஆம் அடுக்கைத் தொட்ட பிறகு அடுத்த இரட்டிப்பில் சுழியாகிவிடும்.

மூன்றாவது, எதிர்மம். எழுதத் தேவையான நீளத்தைத் திருப்பும் எஸ்என்பிரிண்ட்எஃப், தோற்றால் எதிர்ம எண்ணைத் திருப்பும். அதைச் சோதிக்காமல் ஒன்றைக் கூட்டி மால்லாக்குக்குக் கொடுத்தால், -1 என்பது சுழியாகும், அதைவிடக் குறைந்தது மிகப் பெரிய எண்ணாக மாறும். ஸ்ட்ர்லென் தரும் நீளத்தை இன்ட் வகையில் வாங்கி வைக்கும் வரிகளையும் இதனோடு சேர்த்துத் தேடுங்கள்.

ஒதுக்கியின் (மால்லாக்கையே செயல்படுத்தும் நிரலின்) உள்பகுதியும் இந்த விதிகளுக்கு விலக்கல்ல. ஜிலிப்சி 2.26 பதிப்பில் ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் நூலிழைகள் ஒவ்வொன்றுக்குமான தற்காலிகச் சேமிப்பைச் சேர்த்தபோது, கேட்ட அளவோடு தலைப்பகுதியைக் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கும் இடத்தில் வழிதலைச் சோதிக்கும் வடிவத்துக்குப் பதிலாகச் சோதிக்காத வடிவம் அழைக்கப்பட்டுவிட்டது. உச்சத்தை ஒட்டிய அளவைக் கேட்டால் மிகச் சிறிய துண்டு வெற்றிகரமாகக் கிடைத்தது. ரீஅல்லாக்அரே நுழைந்ததும் அதே 2.26 பதிப்பில்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. மெம்அலைன், போசிக்ஸ்_மெம்அலைன் ஆகியவற்றில் சீரமைப்புக்காகக் கூட்டப்படும் எண்ணிலும் இதே பிழை ஜிலிப்சியில் 2013-இலும் 2018-இலும் வெளிப்பட்டது. ஒதுக்கியின் நிரலைப் படிக்கும்போது, பயனர் கொடுத்த அளவோடு ஏதாவது கூட்டப்படும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, கூட்டலுக்கு முன் வரம்புச் சோதனை இருக்கிறதா என்று கேட்பதே போதும்.

எல்லாவற்றையும் கால்லாக் ஆக்கிவிடலாமா

கூடாது. இதை என் சொந்தத் தவறிலிருந்து சொல்கிறேன். ஒரு நூலகத்தில் மால்லாக் அழைப்புகளையெல்லாம் ஒரே மூச்சில் கால்லாக் ஆக்கி, தூய்மை செய்துவிட்ட திருப்தியோடு இருந்தேன். அதில் ஒரு கட்டமைப்பில் கோப்பு விவரிப்பானை (திறந்த கோப்புக்கு இயங்குதளம் தரும் எண்ணை) வைக்கும் உறுப்பு ஒன்று இருந்தது. முன்பெல்லாம் அது தொடக்கமதிப்பு பெறாமல் விடப்பட்ட பாதையை, நிரல் ஓடும்போதே நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் வால்கிரைண்ட் கருவி சுட்டிக்காட்டிவிடும். கால்லாக் வந்தபின் அந்த உறுப்பு சுழியானது. தூய்மைப்படுத்தும் பகுதியோ 'சுழி அல்லது அதற்கு மேல் என்றால் மூடு' என்று எழுதப்பட்டிருந்தது. விளைவு, பிழை நேர்ந்த ஒவ்வொரு முறையும், சுழி என்ற எண்ணுக்குரிய, நிரலின் நிலையான உள்ளீடு மூடப்பட்டது. வால்கிரைண்ட் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அதன் பார்வையில் எல்லாம் முறையாகத் தொடக்கமதிப்பு பெற்றவை. சுழி என்பது பொருளுள்ள மதிப்பாக இருக்கும் உறுப்புகள் கட்டமைப்பில் உண்டா என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

சுழியாக்கத் தேவையில்லாத பெரிய இடையகங்களுக்கு, பழைய சுட்டியின் இடத்தில் நல் கொடுத்து ரீஅல்லாக்அரேவை அழைப்பதே பொருத்தம். மறுபக்கம், பல சுட்டிகளை உறுப்புகளாகக் கொண்ட கட்டமைப்புக்குக் கால்லாக் மிக நல்ல தேர்வு: பாதி நிரப்பிய நிலையில் தோற்றாலும் நிரம்பாத உறுப்புகள் நல் ஆகவே இருக்கும், நல் சுட்டியை ஃப்ரீ செய்வதால் எதுவும் ஆகாது, ஆகவே ஒரே தூய்மைப் பகுதி எல்லா நிலைக்கும் போதுமானதாகிவிடும். கால்லாக்கின் இரண்டு அளபுருக்களையும் இடம்மாற்றி எழுதியிருந்தால் விளைவில் மாற்றமில்லை. ஆனாலும் ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு முதல் அதற்கு எச்சரிக்கை வருகிறது என்பதால் போகிறபோக்கில் திருத்திவிடலாம்.

ரீஅல்லாக்

மற்றவற்றைவிட ரீஅல்லாக்கிடம்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன், ஏனெனில் அது தோற்றால் பழைய துண்டு அப்படியே உயிரோடு இருக்கும். பரவலாகக் காணப்படும் தவறான வடிவம் இது:

அளவு = அளவு + 50
பட்டி = ரீஅல்லாக்(பட்டி, அளவு)
பட்டி நல் என்றால் பிழையோடு திரும்பு

இந்த மூன்று வரிகளில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. விளைவைப் பழைய மாறியிலேயே வாங்கியதால், தோற்கும்போது பழைய துண்டின் முகவரி தொலைந்து கசிவாகிறது. இதைப் பெரும்பாலோர் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றொன்று நுட்பமானது. ஒதுக்கீடு வெற்றி பெறும் முன்பே அளவு என்ற மாறி கூட்டப்பட்டுவிட்டது. பட்டியும் அளவும் ஒரு கட்டமைப்பின் உறுப்புகளாக இருந்து, முதல் பிழையை மட்டும் திருத்தி, தற்காலிகச் சுட்டி ஒன்றில் விளைவை வாங்கினால், தோல்விக்குப் பின் பழைய துண்டு பத்திரமாக இருக்கும், ஆனால் அதன் அளவு 50 அதிகம் என்று கட்டமைப்பு நம்பிக்கொண்டிருக்கும். அழைத்தவர் பிழையைப் பொருட்படுத்தாமல் அடுத்த பதிவைச் சேர்க்க வந்தால், இடம் இருக்கிறது என்று எண்ணி எல்லை தாண்டி எழுதுவார். அரைகுறையாகத் திருத்திய வடிவம் திருத்தாததைவிட மோசம். சரியான வடிவத்தில் புதிய அளவும் புதிய சுட்டியும் தற்காலிக மாறிகளில் பிறந்து, வெற்றி உறுதியான பிறகு இரண்டும் ஒருசேரக் கட்டமைப்புக்குள் போகும்:

புதியஅளவு = அளவு + 50
புதியது = ரீஅல்லாக்(பட்டி, புதியஅளவு)
புதியது நல் என்றால் பிழையோடு திரும்பு
பட்டி = புதியது
அளவு = புதியஅளவு

இத்துடன், துண்டு இடம் மாறினால் அதனுள்ளே சுட்டிக்கொண்டிருந்த பிற சுட்டிகள் என்ன ஆகின்றன என்று தேட வேண்டும். பட்டியின் நடுவில் ஓர் உறுப்பின் முகவரியை எடுத்துவைத்துக்கொண்டு, பட்டியை வளர்த்துவிட்டு, பிறகு அந்த முகவரியில் எழுதும் நிரல்கள், சிறிய அளவுகளில் துண்டு நகராமல் போவதால் பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிவிடும்.

அளவு சுழியாகக்கூடிய ரீஅல்லாக் அழைப்பைத் தனியாகக் குறியுங்கள். ஜிலிப்சி அந்த நிலையில் துண்டை விடுவித்துவிட்டு நல் திருப்பும். ஓப்பன்பிஎஸ்டி சுழி அளவுள்ள, நல் அல்லாத ஒரு சுட்டியைத் திருப்பும். சி மொழியின் சி23 தரம் இதை வரையறுக்கப்படாத நடத்தை என்றே அறிவித்துவிட்டது. நல் வந்தால் தோல்வி என்று கருதிப் பழைய சுட்டியை ஃப்ரீ செய்யும் நிரல் ஓரிடத்தில் சரியாக ஓடும், மற்றோரிடத்தில் ஒரே துண்டை இரண்டுமுறை விடுவிக்கும். சுழியாக வாய்ப்பிருந்தால் அழைக்கும் முன்பே தனியாகக் கையாள்வதுதான் தீர்வு.

தோல்விப் பாதை

நூலகத்துக்கும் தனி நிரலுக்கும் இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒரு கட்டளை நிரல் நினைவகம் கிடைக்காதபோது செய்தி காட்டிவிட்டு வெளியேறினால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். நூலகம் அப்படிச் செய்தால், அதைப் பயன்படுத்தும் சேவையகம் முழுவதையும் கேட்காமல் சாகடிக்கிறது. ஆகவே நூலகத்துக்குள் வெளியேறும் அழைப்பு எதுவும் ஒதுக்கீட்டுத் தோல்வியோடு இணைந்திருக்கக் கூடாது. பிழையைத் திருப்ப வேண்டும், தான் தொட்ட அனைத்தையும் தொடுவதற்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு வரியைப் படிக்கும் கெட்லைன், சரத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஸ்ட்ர்செப் ஆகியவற்றைச் சுற்றியுள்ள வரிகளை விரல்வைத்துப் படியுங்கள். கெட்லைன் தோல்வியைத் திருப்பினாலும் அது ஒதுக்கிய இடையகத்தை அழைத்தவர்தான் விடுவிக்க வேண்டும். ஸ்ட்ர்செப் தனக்குக் கொடுக்கப்பட்ட சுட்டியையே முன்னால் நகர்த்திவிடும்; ஸ்ட்ர்டப் தந்த சுட்டியை நேராக அதனிடம் கொடுத்துவிட்டு இறுதியில் அதையே ஃப்ரீ செய்தால், ஒதுக்கிக்குத் தெரியாத முகவரியோ, எல்லாத் துண்டுகளும் தீர்ந்த பின் நல் சுட்டியோ போய்ச் சேரும். முதல் முகவரியை வேறொரு மாறியில் எடுத்துவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. ஏஎஸ்பிரிண்ட்எஃப் தோற்கும்போது சுட்டியில் என்ன இருக்கும் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறிவந்திருக்கிறது. திருப்பும் எண்ணைத்தான் சோதிக்க வேண்டும், சுட்டியை அல்ல. போசிக்ஸ்_மெம்அலைன் பிழை எண்ணை நேரடியாகத் திருப்பும், எர்னோவில் வைப்பதில்லை. எர்னோவை அச்சிடும் பிழைச் செய்தி அதற்கு அருகில் இருந்தால் அது பொய் சொல்லும் செய்தி.

தூய்மைப் பகுதியில் ஃப்ரீ அழைத்த பிறகு எர்னோவைப் பார்க்கும் நிரலும் உண்டு. ஃப்ரீ எர்னோவை மாற்றக் கூடாது என்பது போசிக்ஸ் 2024-இல்தான் விதியானது, ஜிலிப்சி 2.33 முதல் கடைப்பிடிக்கிறது. பழைய தளங்களிலும் ஓட வேண்டிய நூலகம் என்றால் எர்னோவைச் சேமித்துவைத்து மீட்பது இன்னும் தேவை.

ரகசியங்கள்

கடவுச்சொல், தனித்திறவு போன்றவற்றைத் தாங்கிய துண்டை விடுவிக்கும் முன் மெம்செட் கொண்டு சுழியாக்கியிருந்தால் அதை ஏற்காதீர்கள். அதன்பின் யாரும் அந்த நினைவகத்தைப் படிக்கப்போவதில்லை என்று கண்டுகொள்ளும் கம்பைலர் அந்த மெம்செட்டை நீக்கிவிடும். கம்பைலர் நீக்கிவிடாதபடி சுழியாக்கும் எக்ஸ்ப்ளிசிட்_பீஸீரோ இதற்காகவே பிறந்தது. ஓப்பன்பிஎஸ்டியில் 2017-இல் சேர்ந்த ஃப்ரீஸீரோ, ரீகால்லாக்அரே ஆகிய இரண்டும் இதை ஒரே அழைப்பில் முடிக்கின்றன. சாதாரண ரீஅல்லாக் ஒரு துண்டை இடம்மாற்றும்போது பழைய இடத்தில் ரகசியத்தின் நகல் அப்படியே கிடக்கும்; ரீகால்லாக்அரே பழைய எண்ணிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்வதால் அதை அழித்துவிட்டே விடுகிறது, வளர்ந்த பகுதியையும் சுழியாக்கித் தருகிறது. அந்தப் பழைய எண்ணிக்கையைத் தவறாகக் கொடுத்திருக்கிறார்களா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

ஓட்டிப் பார்த்தல்

படித்துக் கண்டதை ஓட்டி உறுதிசெய்ய ஓப்பன்பிஎஸ்டியின் ஒதுக்கி மிகவும் கைகொடுக்கும். மால்லாக்_ஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறியில் எஸ் என்ற பேரெழுத்தை வைத்தால் பாதுகாப்புத் தணிக்கைக்கு உகந்த எல்லாச் சோதனைகளும் இயங்கும். ஆர் என்று வைத்தால் ஒவ்வொரு ரீஅல்லாக்கும் துண்டைக் கட்டாயம் இடம்மாற்றும், மேலே சொன்ன பழைய முகவரிப் பிழை அப்போது உடனே வெளிப்படும். புதிதாக ஒதுக்கிய துண்டைக் குப்பையால் நிரப்பும்போது 219 என்ற பைட்டும், விடுவித்த துண்டை நிரப்பும்போது 223 என்ற பைட்டும் எழுதப்படுகின்றன. பதினாறடிமான எண்முறையில் முறையே டிபி, டிஎஃப். நிரல் செத்துவிழுந்த இடத்தில் ஒரு சுட்டி முழுக்க டிஎஃப் டிஎஃப் என்று இருந்தால், அது விடுவித்த துண்டிலிருந்து படிக்கப்பட்டது என்று பிழைத்திருத்தியைத் தோண்டாமலேயே சொல்லிவிடலாம். மற்ற தளங்களில் அட்ரஸ் சானிடைசரும் வால்கிரைண்டும் இதே வேலையைச் செய்யும்.

தோல்விப் பாதைகளை இவை ஓட்டிக்காட்டாது. லினக்ஸ் வழக்கமாக இருப்பதைவிட அதிக நினைவகத்தைத் தருவதாக ஒப்புக்கொள்வதால் சிறிய மால்லாக்குகள் அங்கே தோற்பதே அரிது. ஆகவே தோல்வியை நாமே வரவழைக்க வேண்டும். மால்லாக், கால்லாக், ரீஅல்லாக் மூன்றையும் மறைத்து, ஒரு எண்ணியை வைத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அழைப்பில் மட்டும் நல் திருப்பும் சிறிய நூலகம் ஒன்றை எழுதி, அதை மற்ற நூலகங்களுக்கு முன்பே ஏற்றவைக்கும் எல்டி_ப்ரீலோட் சூழல் மாறி வழியாக ஏற்றுங்கள். சோதனை நிரலை முதலில் 1-ஆவது அழைப்பு தோற்கும்படி ஓட்டுங்கள், பிறகு 2-ஆவது, 3-ஆவது என்று, எண்ணி ஒருமுறைகூட எட்டப்படாமல் நிரல் முடியும்வரை ஓட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் எதிர்பார்ப்பது ஒன்றே: முறையான பிழை திரும்ப வேண்டும், செத்துவிழுவது, கசிவது, வெற்றி என்று பொய் சொல்வது எதுவும் கூடாது. சில சி நூலகங்களில் உள்ளழைப்புகள் நூலகத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் இந்த மறைப்பு அவற்றை எட்டாது. அப்போது ஆய்வுக்குரிய ஒற்றைக் கோப்பை வெளியே நகலெடுத்து, மால்லாக் என்ற பெயரை மேக்ரோவால் உங்கள் செயற்கூறுக்குத் திருப்பித் தனியாகத் தொகுத்துக்கொள்ளலாம். எண்ணைத் தன்னால் உயர்த்தும் ஷெல் மடக்கு ஒன்றை எழுதிவிட்டால் நூறு ஓட்டங்களும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

பேட்ச் அனுப்புதல்

ஒரு பேட்சில் (திட்டத்துக்கு அனுப்பும் திருத்தத் தொகுப்பில்) ஒரு வகை மாற்றம் மட்டும் இருக்கட்டும். மால்லாக்கை ரீஅல்லாக்அரே ஆக்குவது ஒன்று, ரீஅல்லாக் வடிவத்தைத் திருத்துவது மற்றொன்று, இடைவெளி ஒழுங்கைச் சீர்செய்வது மூன்றாவது. பெருக்கலில் இரண்டும் மாறிலிகளாக இருந்த இடங்களைத் தொடாமல் விட்டதையும், ஏன் விட்டீர்கள் என்பதையும் விளக்கத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் வேறொருவர் அவற்றை 'விட்டுப்போனவை' என்று நினைத்து மாற்ற வருவார். திருத்திய ஒவ்வொரு வழிதலுக்கும், அதை எட்டவைக்கும் எண்களைக் கொடுத்து அழைக்கும் சிறிய சோதனையை அத்திட்டத்தின் பின்னடைவுச் சோதனைகளில் சேர்க்க வேண்டும். அந்தச் சோதனையை 64 பிட்டோடு நிறுத்தாமல் 32 பிட் தொகுப்பிலும் ஓட்டி, திருத்தத்துக்கு முன் தோற்றதையும் பின் தேறியதையும் பார்த்த பிறகு, அந்த இரண்டு வெளியீடுகளையும் விளக்கத்தின் அடியில் ஒட்டி அனுப்புங்கள்.